சுவருக்குத் திரும்பிய பந்து: ரோமில் ஒரு பேடல் மேஜர்

ரோம் நகரின் பழைய பகுதியில், பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு வடக்கே, வியா டி பல்லகோர்தா என்றொரு சிறிய தெரு இருக்கிறது. இத்தாலிய மொழியில் பல்லா என்றால் பந்து, கோர்தா என்றால் கயிறு. நடுவில் வலைக்குப் பதிலாகக் கயிறு கட்டி, நான்கு புறமும் சுவர் சூழ்ந்த களத்தில் ஆடப்பட்ட பழைய பந்தாட்டத்துக்குப் பல்லகோர்தா என்று பெயர். அந்த ஆட்டக்களம் இருந்த வட்டாரத்தில்தான் 1606 மே 28 அன்று ஓவியர் காரவாஜ்ஜோ, ரனுச்சோ தொமாசோனி என்பவரைக் கொன்றுவிட்டு ரோமை விட்டே ஓடினார். சண்டைக்குக் காரணம் ஆட்டத்தில் எழுந்த தகராறா, கடனா, பெண்ணா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கொலை வழக்கு அன்று. அந்தக் களத்தின் சுவர்.

பல்லகோர்தாவில் சுவரும் ஆட்டத்தில் சேர்ந்ததே. சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அடிக்கலாம். சாய்கூரையில் உருண்டு விழும் பந்தையும் அடிக்கலாம். 1874-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் படை அதிகாரியான வால்டர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றபோது, பந்தாட்டம் திறந்த வெளிக்கு வந்தது, சுவர் போய்விட்டது. கோட்டைத் தாண்டினால் பந்து செத்தது என்பது அதன்பின் எல்லோருக்கும் இயல்பான விதியாகிவிட்டது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1974-இல், ஸ்பெயினின் மார்பெயா நகரில் சுவர் சூழ்ந்த இரண்டு சிறிய களங்கள் கட்டப்பட்டன. அங்கிருந்துதான், டென்னிஸைப்போல் வலைக்கு இருபுறமும் இருவர் இருவராக நின்று மட்டையால் ஆடும் பேடல் என்னும் ஆட்டம் ஐரோப்பாவெங்கும் பரவியது. இன்று ‘மேஜர்’ எனப்படும் அதன் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டிகளுள் ஒன்று, பழைய பல்லகோர்தா தெருவிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் வடக்கே, டைபர் ஆற்றின் மறுகரையில் உள்ள ஃபோரோ இத்தாலிகோ வளாகத்தில் நடைபெறுகிறது. அந்த வளாகத்தின் பழைய டென்னிஸ் அரங்கத்துக்கு 1930-களில் இடப்பட்ட பெயர் ‘பல்லகோர்தா அரங்கம்’. ‘டென்னிஸ்’ என்ற அயல்மொழிச் சொல்லைத் தவிர்க்க விரும்பிய அன்றைய ஃபாசிச அரசு, சுவரே இல்லாத ஓர் ஆட்டத்துக்குச் சுவராட்டத்தின் பெயரைச் சூட்டிவிட்டது. அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஆட்டம் அந்த வளாகத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

பேடலைப் புதுப்பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றும், டென்னிஸின் மேடையை இரவல் வாங்கி நிற்கும் விளையாட்டு என்றும் ஒதுக்குகிறவர்கள் உண்டு. இரவல் என்பது உண்மைதான். ஆனால் யாரிடமிருந்து யார் இரவல் வாங்கினார்கள் என்ற கணக்கை ரோமில் வைத்துப் பார்த்தால், அது அவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை.

ஆட்டத்தின் பிறப்பு பணக்கார வீட்டுத் தோட்டத்தில் நிகழ்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரில் என்ரிகே கோர்குவேரா என்ற தொழிலதிபர், தம் வீட்டில் இருந்த இடத்துக்கு ஏற்றாற்போல் ஒரு சிறு களம் அமைத்து, இரு முனைகளிலும் சுவர் எழுப்பினார். அவருடைய நண்பரான அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹே இளவரசர் அங்கே விருந்தாளியாகச் சென்று ஆடிப் பார்த்துவிட்டு, மார்பெயாவில் தமது விடுதி வளாகத்தில் அதைக் கட்டினார். அடுத்த ஆண்டே ஆட்டம் அர்ஜென்டினாவுக்குச் சென்றது. ஸ்பெயினில் கோடை விடுதிக்காரர்களின் கேளிக்கையாக இருந்தது, அர்ஜென்டினாவில் ஊர்ப்புறக் கிளப்புகளின் அன்றாட ஆட்டமாக மாறியது. 2002 முதல் தொடர்ந்து 16 ஆண்டுகள் உலகின் முதலிடத்தில் இருந்த ஃபெர்னாண்டோ பெலாஸ்தெகின், பெவாஹோ என்ற சிறிய அர்ஜென்டினா ஊரைச் சேர்ந்தவர். இன்றும் மேல்நிலை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்த இரு நாட்டினரே. களத்தில் புழங்கும் சொற்கள் எல்லாம் ஸ்பானிய மொழியில் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

‘மேஜர்’ என்ற பட்டம் மிக அண்மையில் வந்தது. 2013 முதல் ஸ்பெயினை மையமாகக் கொண்டு வேர்ல்டு பேடல் டூர் என்ற தனியார் தொடர் நடந்துவந்தது. தொழில்முறைப் பேடல் என்றால் அதுதான் என்ற நிலை இருந்தது. ஆட்டக்காரர்கள் அதனுடன் செய்திருந்த ஒப்பந்தங்களில் மனக்குறை கொண்டிருந்தனர். 2022 தொடக்கத்தில், ஆட்டக்காரர் சங்கமும் சர்வதேச பேடல் கூட்டமைப்பும் கத்தார் ஸ்போர்ட்ஸ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து, பிரீமியர் பேடல் என்ற போட்டித் தொடரை அறிவித்தன. பாரிஸ் சாங் ஜெர்மாங் கால்பந்துக் கழகத்தின் உரிமையாளரும் இந்தக் கத்தார் நிறுவனமே. அதன் தலைவர் நாசர் அல் கெலைஃபி ஒரு காலத்தில் தொழில்முறை டென்னிஸ் ஆடியவர். இரண்டு ஆண்டுகள் இரு தொடர்களும் ஒன்றுக்கொன்று எதிராக நடந்தன. 2023-இல் புதிய தொடரின் பின்னணியில் இருந்த நிறுவனமே பழைய தொடரை விலைக்கு வாங்கியது. 2024 முதல் ஒரே தொடர் என்றாயிற்று. அதன் உச்சியில் இருப்பவை நான்கு மேஜர்கள்: தோஹா, ரோம், பாரிஸ், மெக்சிகோ. வெற்றி பெறும் இணைக்கு 2000 தரவரிசைப் புள்ளிகள். அதற்கு அடுத்த நிலையான பி1 போட்டியில் 1000 புள்ளிகள்தான். ஆண்டு முழுதும் வாரத்துக்கு வாரம் நாடு விட்டு நாடு ஓடும் ஆட்டக்காரர்களின் தலையெழுத்தை இந்த நான்கு வாரங்களே பெருமளவு தீர்மானிக்கின்றன.

இந்த நான்கு இடங்களின் தேர்வில் ஒரு கணக்கு தெரிகிறது. தோஹாவில் பணம் இருக்கிறது. மெக்சிகோவில் பிறந்த வீடு இருக்கிறது. போட்டி பின்னர் அகபுல்கோவுக்கே சென்றுவிட்டது. பாரிஸிலும் ரோமிலும் இருப்பது டென்னிஸின் பெயர். பாரிஸ் மேஜர் நடப்பது பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நடக்கும் ரோலாங் காரோஸில். ரோம் மேஜர் நடப்பது, 1935 முதல் இத்தாலிய ஓப்பன் டென்னிஸைக் கண்ட ஃபோரோ இத்தாலிகோவில். இதுபோன்ற ஓர் இடத்தில் ஆடினால், ஐம்பது வயதே ஆன ஆட்டத்துக்கு நூறு வயதின் மதிப்பு கிடைத்துவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணியிருக்கக்கூடும். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் அக்காவிடம் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டு போவதுபோல. பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் கழுத்து நிறைந்திருக்கிறது.

ரோமில் மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பெயினுக்கு வெளியே பேடல் பித்து மிக வேகமாகப் பிடித்த நாடுகளுள் ஒன்று இத்தாலி. இத்தாலிக்குள் அதன் தலைநகரம் ரோம். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்த வளர்ச்சி கண்ணுக்கெதிரே நடந்தது. ஐந்து பேர் கொண்ட அணிகளாக ஆடும் சிறுகளக் கால்பந்தான ‘கால்செத்தோ’ அதுவரை ரோமானிய ஆண்களின் மாலைநேர வழக்கம். அதற்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும்; கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் ஆட்டமே நின்றுபோகும். பேடலுக்கு நான்கு பேர் போதும். களத்தை வாடகைக்கு விடுகிறவரின் கோணத்தில் பார்த்தால் கணக்கு இன்னும் இனிக்கிறது. பேடல் களத்தின் அளவு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அதாவது 200 சதுர மீட்டர். ஒரு கால்செத்தோ மைதானத்தைப் பிரித்தால் இரண்டு, மூன்று பேடல் களங்கள் கிடைக்கும். ஆணும் பெண்ணும், தந்தையும் மகளும் சேர்ந்தே ஆடலாம் என்பதால் பகல் நேரமும் காலியாக இருப்பதில்லை. டைபர் கரையோரக் கிளப்புகளில் கால்பந்துப் புல்தரைகள் ஒவ்வொன்றாக நீலக் களங்களாக மாறின. ரோமா கழகத்தின் பிரான்செஸ்கோ டோட்டி போன்ற ஓய்வுபெற்ற கால்பந்து நட்சத்திரங்கள் மட்டையோடு படம் எடுத்துக்கொண்டது மீதி வேலையைச் செய்தது. 2022-இல் இத்தாலிய டென்னிஸ் கூட்டமைப்பு தன் பெயரிலேயே பேடலைச் சேர்த்துக்கொண்டது. எனவே மேஜருக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி, முந்தின நாள் மாலை தாங்களே ஆடிவிட்டு வந்த கூட்டம். ஓர் அடி தவறினால் ‘இதை நான்கூட எடுத்திருப்பேன்’ என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுப்பது வீண்பெருமை மட்டுமன்று. தன் முழங்கையில் உள்ள வலியின் பேரில் சொல்கிறார்.

வளாகத்துக்குப் போகும் வழியையும் ஆட்டத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஏ வழித்தட மெட்ரோவில் ஃப்ளாமினியோ நிலையத்தில் இறங்கி, 2-ஆம் எண் டிராமில் ஏறினால், அது பழைய ஃப்ளாமினியா நெடுஞ்சாலையை ஒட்டி நேர்க்கோடாக வடக்கே சென்று பியாட்சா மன்சீனியில் நிற்கும். வழியில் சாஹா ஹதீத் வடிவமைத்து 2010-இல் திறக்கப்பட்ட மாக்ஸி அருங்காட்சியகம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. டிராமிலிருந்து இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் துக்கா தவோஸ்தா பாலம். அதன் நடுவில் நின்று ஆற்றின் எதிரோட்டத் திசையில் பார்த்தால் மில்வியோ பாலம் தெரியும், கி.பி. 312-இல் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் போட்டியாளரான மக்சென்டியஸை வென்ற போர் நடந்த இடம். பாலத்தின் மறுமுனையில், நேர் எதிரே, வெண்பளிங்குத் தூண் ஒன்று எழுந்து நிற்கும். போட்டிக்கான பதாகைகளும் விளம்பர வளைவுகளும் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கும். தூணில் மேலிருந்து கீழாகப் பெரிய எழுத்தில் செதுக்கியிருப்பது முசோலினியின் பெயர்.

1928-இல் தொடங்கி என்ரிகோ தெல் தெபியோவின் வடிவமைப்பில் எழுந்த இந்த வளாகத்தின் முதற்பெயர் ஃபோரோ முசோலினி. தூண் 1932-இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட பளிங்கு அரங்கத்தைச் சுற்றி, இத்தாலிய மாகாணங்கள் கொடையளித்த சுமார் 60 பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டத்தைக் குறிக்கும் ஆடையற்ற இளைஞன். தூணிலிருந்து உள்ளே செல்லும் அகன்ற பாதையின் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக் ஓவியங்கள். பழைய ஓஸ்தியாவின் குளியல் மண்டபத் தரைகளைப் பார்த்துச் செய்தவை. அவற்றின் நடுவே ‘தலைவர்’ என்று பொருள்படும் ‘துச்செ’ என்ற பட்டம் திரும்பத் திரும்பப் பதிக்கப்பட்டிருக்கிறது. இன்று அதன் மேல் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது, ஸ்கேட் பலகையில் சிறுவர்கள் உருள்கிறார்கள். அழித்துவிட வேண்டுமா, வரலாறு என்று விட்டுவைக்க வேண்டுமா என்ற விவாதம் இத்தாலியில் அவ்வப்போது எழுந்து அடங்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய வெள்ளைக் கட்டடம், ஃபாசிசக் கட்சியின் தலைமையகமாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் வெளியுறவு அமைச்சகமானது.

ஆக, ‘வரலாற்று நகரத்தில் போட்டி’ என்று விளம்பரம் சொல்லும்போது எந்த வரலாறு என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபோரோ இத்தாலிகோ பழைய ரோமன்று. பழைய ரோமின் மதிப்பைத் தனக்குச் சேர்த்துக்கொள்ள ஒரு சர்வாதிகாரி கட்டிய போலி ரோம். பளிங்கும் சிலையும் மொசைக்கும் அவன் வாங்கிய இரவல் நகை. அந்த மேடையைப் பின்னர் டென்னிஸ் எடுத்துக்கொண்டது. 1960 ஒலிம்பிக் எடுத்துக்கொண்டது. இப்போது பேடல் வந்திருக்கிறது. 1960-இல் ரோம் தன் உண்மையான பழங்கட்டடங்களையும் விளையாட்டுக்குத் திறந்துவிட்டது. கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் நடந்தது. மக்சென்டியஸ் கட்டத் தொடங்கிய பசிலிக்காவின் வளைவுகளுக்குக் கீழே மல்யுத்தம் நடந்தது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வந்து, கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே இரவு வெளிச்சத்தில் மராத்தானை முடித்தார். கால் நூற்றாண்டுக்கு முன் தன் நாட்டின் மீது படையெடுத்த இத்தாலியின் தலைநகரில் கிடைத்த வெற்றி அது. கல்லுக்கு அருகில் ஆட்டம் நடந்தால் மட்டும் வரலாறு ஒட்டிக்கொள்வதில்லை. பிகிலாவுக்கு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு.

உள்ளே நுழைந்ததும் களங்களை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. பெரிய ஆட்டங்களுக்கு உரியது 2010-இல் திறக்கப்பட்ட மைய டென்னிஸ் அரங்கம். சுமார் 10,500 பேர் உட்காரலாம். சற்றுத் தள்ளி, பழைய பல்லகோர்தா அரங்கம். 2006 முதல் நிக்கோலா பியெத்ராஞ்செலியின் பெயரைத் தாங்குகிறது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரெஞ்சு சாம்பியனாக இருந்தவர் அவர். அந்த அரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே, ஊருணிபோல் குழிந்து கிடக்கிறது. மேல் விளிம்பில் 18 பளிங்குச் சிலைகளும், அவற்றுக்குப் பின்னால் குடை விரித்த பைன் மரங்களும் நிற்கின்றன. உலகில் இதைவிட அழகான விளையாட்டரங்கம் உண்டா என்று கேட்டால், எனக்கு உடனே ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. எந்த ஆண்டு எந்த ஆட்டத்துக்கு எந்த அரங்கம் என்பது மாறும் என்பதால், சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதன்முறை செல்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். டென்னிஸ் அரங்கத்தின் தரை, ஓடி அடிப்பதற்கான சுற்றிடத்தையும் சேர்த்து, 600 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். அதன் நடுவே 200 சதுர மீட்டர் கண்ணாடிப் பெட்டியை வைத்தால், மேல்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டம் மீன்தொட்டி அளவில்தான் தெரியும். இடைவெளியை அடைக்கக் களத்தைச் சுற்றித் தற்காலிக இருக்கைகள் போடுகிறார்கள். அவை விலை அதிகம். அருகில் இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்பதும் இல்லை. பின்புறச் சுவர் 3 மீட்டர் கண்ணாடி, அதன் மேல் 1 மீட்டர் கம்பிவலை. பக்கவாட்டில் மூலைப் பகுதிகள் மட்டுமே கண்ணாடி. நடுப்பகுதி முழுவதும் கம்பிவலை. பக்கவாட்டில் தாழ்வாக உட்கார்ந்தால் வலைக்கண்கள் வழியாகவே பார்க்க நேரும். தொலைக்காட்சிக் கேமரா நிற்கும் இடமே நல்ல இடம்: களத்தின் முனைக்குப் பின்னால், சுவரின் உயரத்தைவிடச் சற்று மேலே. அங்கிருந்து நால்வரின் நகர்வும் ஒரே பார்வையில் அடங்கும்.

நகர்வைப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த ஆட்டம் புரியும். டென்னிஸ் கண்ணோடு வருகிறவர் பந்தையே பின்தொடர்வார். அரை மணியில் சலித்துவிடும். எண்ணிக்கை டென்னிஸ்போலவே 15, 30, 40 என்று போகிறது. தொடக்க அடி இடுப்புக்கு மேல் போகக் கூடாது. பந்தைத் தரையில் ஒரு முறை குதிக்கவிட்டு, எதிர்மூலைக் கட்டத்துக்கு அடிக்க வேண்டும். அங்கே குதித்த பந்து கண்ணாடியில் பட்டால் ஆட்டம் தொடரும். கம்பிவலையில் பட்டால் தவறு. தேர்ந்த ஆட்டக்காரர் பந்தைக் கண்ணாடியும் தரையும் சேரும் விளிம்புக்கே அனுப்பப் பார்ப்பதன் காரணம், அங்கே பட்ட பந்து எழாமல் செத்துப்போகும் என்பது. பிறகு வரும் ஒவ்வோர் அடிக்கும் ஒரே விதிதான் அடிப்படை: எதிராளியின் பக்கம் பந்து முதலில் தரையில் பட வேண்டும், அதன்பின் சுவரில் எத்தனை முறை பட்டாலும், இரண்டாம் முறை தரையைத் தொடும் வரை அது உயிரோடிருக்கிறது.

இந்த ஒரு விதியால் டென்னிஸின் ஒழுங்கே தலைகீழாகிறது. டென்னிஸில் உங்களைக் கடந்து போன பந்து போனதுதான். இங்கே கடந்து போன பந்து சுவரில் பட்டு உங்களிடமே திரும்பி வருகிறது. எனவே பின்னால் நிற்கும் இணை அவசரப்படுவதில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, பந்து கண்ணாடியிலிருந்து இறங்கும் வரை காத்திருந்து, உயரமாகத் தூக்கி அடிக்கிறது. அந்த உயரப் பந்துக்குப் பெயர் ‘குளோபோ’. அது வலையருகே நிற்கும் இருவரையும் பின்னே தள்ளிவிட்டால், தள்ளிய இணை முன்னேறி வலையைப் பிடிக்கும். ஆட்டம் முழுவதும் நடப்பது இந்த வலையோர இடத்துக்கான போர்தான். இழுபறிக் கயிற்றைப் பார்ப்பதுபோல், நால்வரின் இடத்தை மட்டும் கவனித்தால், புள்ளி யாருக்குப் போகும் என்பது பந்து விழுவதற்குச் சற்று முன்பே தெரியத் தொடங்கும்.

வலையோரத்தில் இருப்பவர், தலைக்கு மேல் வரும் பந்தை எப்போதும் ஓங்கி அடிப்பதில்லை. ஓங்கி அடித்தால் அது பின்சுவரில் பட்டு நல்ல உயரத்தில் எதிராளிக்குத் தாம்பாளத்தில் வைத்தாற்போல் கிடைக்கும். ஆகவே ‘பந்தேஹா’ அடிக்கிறார். அந்தச் சொல்லுக்கே தட்டு என்றுதான் பொருள்: உணவகத்துப் பணியாளர் தோள் உயரத்தில் தட்டை ஏந்திச் செல்வதுபோல் மணிக்கட்டைத் திருப்பி, பந்தைக் கீழறுத்து, மெதுவாக மூலைக்கு அனுப்புவது. அதையே வேகமும் பக்கச் சுழற்சியும் கூட்டி அடித்தால் ‘வீபோரா’, அதாவது விரியன். பக்கக் கண்ணாடியைத் தொட்டதும் பந்து வளைந்து ஓடும். முழு வலுவோடு அடிப்பதெல்லாம், அடித்த பந்து தரையில் குதித்துக் களத்தைவிட்டே வெளியேறும் என்ற நம்பிக்கை இருந்தால்தான். பக்கவாட்டு 3 மீட்டர் சுவரைத் தாண்டினால் ‘மூன்றின் வழி’, பின்னாலுள்ள 4 மீட்டரைத் தாண்டினால் ‘நான்கின் வழி’ என்று ஸ்பானியர்கள் சொல்வார்கள். அப்போதும் புள்ளி முடிந்துவிட்டதாக எழுந்து கைதட்டிவிடக் கூடாது. களத்தின் பக்கவாட்டில் கதவில்லாத வாசல்கள் உண்டு. தற்காத்து நிற்பவர் அதன் வழியாக வெளியே பாய்ந்து, விளம்பரப் பலகைகளுக்கும் முதல் வரிசைக்கும் இடையில் பந்தைப் பிடித்து, வேலிக்கு மேலாக உள்ளே திருப்பி அடிக்கலாம். அது விதிப்படி சரி. மைய அரங்கம் முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து நிற்பது பெரும்பாலும் இந்த ஓர் அடிக்குத்தான்.

2023-இல் இணைந்து முதலிடத்தைப் பிடித்த அர்த்தூரோ கொயேயோ, அகுஸ்தின் தாப்பியா இணையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இந்தப் பகுதியில் கண்ணை வைக்கலாம். ஸ்பெயினைச் சேர்ந்த கொயேயோ உயரமான இடதுகை ஆட்டக்காரர்; வலப்பக்கம் நிற்கிறார். அர்ஜென்டினாவின் தாப்பியா வலதுகைக்காரர், இடப்பக்கம் நிற்கிறார். இருவரின் அடிக்கும் கையும் களத்தின் நடுவை நோக்கி இருப்பதால், நடுவே தூக்கிப் போடும் எந்தப் பந்தும் இருவரில் ஒருவருக்கு வசதியாக அமைந்துவிடுகிறது. இவர்களுக்கு எதிராக 2024 முதல் அலெஹாந்த்ரோ காலானுடன் நின்ற ஃபெதெரிகோ சிங்கோத்தோ, பேடல் அளவுகோலில் குட்டையான மனிதர்; ஓங்கி அடித்து வெல்லும் வழி அவருக்கு இல்லை. கண்ணாடியை நம்பி, ஒரு பந்து கூடுதலாகத் திருப்பி அனுப்பியே வெல்கிறவர். ரோம் கூட்டத்துக்கு அவர்மேல் தனிப்பிரியம் இருப்பதில் வியப்பில்லை. 2022-இல் ஆண்களுக்கு மட்டுமே நடந்த போட்டியில் பின்னர் பெண்களும் சேர்ந்தார்கள். என் கருத்தில், சுவரின் அருமை தெரிய வேண்டுமானால் பெண்களின் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியே பறக்கும் அடிகள் குறைவு என்பதால் புள்ளிகள் நீள்கின்றன. ஜெம்மா த்ரியாய் போன்றவர்கள் ஒரு புள்ளியைக் கட்டி எழுப்பும் பொறுமை, ஆண்கள் ஆட்டத்தின் அதிரடியில் பல நேரம் காணாமல் போகிறது.

இவற்றையெல்லாம் வானிலை மாற்றிவிடும். போட்டி 2022-இல் மே மாதத்திலும், 2023-இல் ஜூலையிலும், 2024-இல் ஜூனிலும் நடந்தது. ரோமின் கோடைப் பகல் கொடுமையானது. சூட்டில் பந்து உயரமாகக் குதிக்கும், கண்ணாடியிலிருந்து வேகமாகத் திரும்பும். ஓங்கி அடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். சூரியன் இறங்கி, டைபர் பக்கமிருந்து ஈரம் ஏறிய பிறகு, அதே களத்தில் அதே பந்து கனத்துவிடும்; மாலை மூன்று மணிக்குக் களத்தைத் தாண்டிப் போன அடி, இரவு ஒன்பது மணிக்குக் கம்பிவலையில் பட்டு உள்ளேயே விழும். எனவே பகலில் ஆடி வென்ற இணை அடுத்த சுற்றில் இரவில் ஆட நேர்ந்தால், கிட்டத்தட்ட வேறோர் ஆட்டத்துக்குத் தயாராக வேண்டியிருக்கிறது. முன்னணி இணைகள் பந்தயத்துக்கு முன் பயிற்சி செய்யும்போது சுவரில் பந்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பது வெறும் உடற்பயிற்சி அன்று. அன்றைய கண்ணாடி எப்படிப் பேசுகிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

பார்வையாளருக்கும் இதில் பாடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டச் சீட்டைவிட, வார நடுவில் ஒரு நாள் முழுவதற்கும் வாங்கும் சீட்டு மேலானது. புதன், வியாழன்களில் பல களங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். துணைக்களங்களில் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் நிற்கலாம். டென்னிஸ் பந்தின் ‘டக்’ ஒலிக்கு மாறாக, நரம்பில்லாத துளை மட்டையிலிருந்து எழும் ‘தொம்’ என்ற மந்தமான ஒலியும், கூட்டாளிக்குச் சொல்லும் ‘மீயா’, ‘துயா’ என்ற கூவல்களும் (‘என்னுது’, ‘உன்னுது’) அங்கேதான் காதில் விழும். மணிக்கட்டில் மாட்டிய கயிறு இல்லாமல் மட்டையைப் பிடிக்கக் கூடாது என்ற விதியின் நியாயமும், நால்வர் ஒரு சிறு பெட்டிக்குள் வீசுவதை அருகில் நின்று பார்த்தால்தான் உறைக்கும். பிற்பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை நிழல் தேடிப் பைன் மரத்தடிக்குப் போய்விடுவது நல்லது; நகரெங்கும் நிற்கும் ‘நசோனே’ வார்ப்பிரும்புக் குழாய்களில் ஓயாமல் ஓடும் குளிர்ந்த நீர் குடிக்கத் தக்கது என்பதையும் தெரிந்துவைத்திருக்கலாம். மாலை ஆட்டங்கள் நீண்டு நள்ளிரவை ஒட்டுவதும் உண்டு. திரும்பும் டிராம் எத்தனை மணிவரை என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாட்டம் முடிந்ததும் இந்தக் களங்கள் எதுவும் அங்கே இருக்கப்போவதில்லை. மைய அரங்கத்தின் உண்மையான தரை டென்னிஸுக்கு உரிய செம்மண். பேடலுக்காக அதன் மேல் மேடை அமைத்து, நீலச் செயற்கைப் புல்லை விரித்து, மணல் தூவி, எஃகுச் சட்டங்களை நிறுத்தி, கண்ணாடிப் பலகைகளைத் திருகாணிகளால் பூட்டியிருக்கிறார்கள். பரிசளிப்பு முடிந்து கூட்டம் துக்கா தவோஸ்தா பாலத்தைக் கடக்கும் முன்பே, திருகாணிகளைக் கழற்றும் ஒலி உள்ளே தொடங்கிவிடும். பலகைகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறும். சிலைகள் நிற்கும் பழைய அரங்கத்துக்குப் பியெத்ராஞ்செலியின் பெயர் நிலைத்துவிட்டதால், பல்லகோர்தா என்ற பெயரை இப்போது ரோமில் தேடுகிறவர், பாந்தியன் பக்கமுள்ள அந்தச் சிறிய தெருவின் பெயர்ப்பலகையைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.